அந்த நட்டைப் பற்றி அப்பாவிடம் கேட்டீர்களா?

வாசகர் கேள்வி: என் வயது 46. அப்பா 28 வருடம் ஓட்டிய மோட்டார் சைக்கிளைப் புதுப்பிக்கலாம் என்று ஆறு வருடத்துக்கு முன்பு பிரித்தேன். இரண்டே மாதத்தில் கடைசி போல்ட் வரை கழற்றிவிட்டேன். ஃபிரேமைத் தேய்த்துப் பிரைமரும் அடித்தேன். எஞ்சினில் ஒரு நட்டு மட்டும் மூன்று வாரம் போராடியும் கழலவில்லை. வெட்டித்தான் எடுத்தேன், தண்டில் இருந்த திருகு மரையும் போய்விட்டது. அதிலிருந்து வேலை மெல்ல மெல்ல நின்றுவிட்டது. இப்போது ஷெட்டைத் திறந்தாலே சோர்வாக இருக்கிறது. அப்பாவுக்கு 79 வயது, கை நடுங்கும். முழுசாக முடித்து ஓட்டிக் காட்டி அவரை அசத்த வேண்டும் என்பதால் ஷெட்டுக்குள் விடுவதில்லை. விட்டுப்போன ஆர்வத்தைத் திரும்பக் கொண்டுவர என்ன வழி?

பதில்: இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்குப் புதிதில்லை. வண்டி, படகு, பழைய ரேடியோ என்று பொருள்தான் மாறும். கேள்வி எப்போதும் ஆர்வத்தைப் பற்றியதாகவே இருக்கும். எல்லோருக்கும் வருகிற சோர்வுதான், கவலைப்படாதீர்கள் என்று இரண்டு வரி எழுதி உங்களை அனுப்பிவைக்க எனக்கு மனசு வரவில்லை. உங்கள் கடிதத்தில் ஒரு நட்டு வருகிறது. நான்கு வரி தள்ளி அப்பா வருகிறார். இரண்டையும் நீங்கள் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

அந்த மூன்று வாரத்தை எடுத்துக்கொள்வோம். துரு இளக எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்திருப்பீர்கள். சூடு காட்டியிருப்பீர்கள். ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகி, அதன் மேல் ஏறியே நின்றிருப்பீர்கள். எல்லாம் எந்தப் பக்கம்? வழக்கமாகக் கழற்றுகிற பக்கம்தானே. சுழலும் தண்டின் முனையில் இருக்கும் நட்டு ஓட்டத்தில் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காகச் சில இடங்களில் மரையை எதிர்ப்பக்கமாக வெட்டியிருப்பார்கள். சைக்கிளின் இடது பெடல் அப்படித்தான். பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின்கள் சிலவற்றிலும் அப்படி ஒன்றிரண்டு நட்டு உண்டு. அப்படிப்பட்ட நட்டாக இருந்தால், நீங்கள் மூன்று வாரமும் அதைக் கழற்றவில்லை, இறுக்கிக்கொண்டிருந்தீர்கள்.

வெறும் துருவாலும் அது இறுகிப் போயிருக்கலாம், நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் 28 வருடம் அந்த வண்டியை வைத்திருந்தவர் பத்தடி தள்ளி வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். எத்தனை முறை பட்டறையில் பக்கத்தில் நின்று அந்த எஞ்சின் பிரிக்கப்படுவதைப் பார்த்திருப்பார்! அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை நீங்கள். அசத்த வேண்டுமாம்.

தம்பி, யாருக்காக இந்த அசத்தல்? ஆறு வருடத்துக்கு முன்பு உங்கள் அப்பாவிடம் ஓடாத வண்டி ஒன்றாவது இருந்தது. நினைத்தபோது போய்த் துடைக்கலாம், சீட்டில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்கலாம். இன்று அவருக்கு அதுவும் கிடையாது. சாத்திய கதவு ஒன்றுதான் இருக்கிறது. அந்தக் கதவுக்குப் பின்னால் தன் வண்டி எந்த நிலைமையில் கிடக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியாது. 73 வயதில் ஆரம்பித்த காத்திருப்பு 79-க்கு வந்து நிற்கிறது. வண்டி முடியும் நாளில் சாவியை நீட்டுவதற்கு அவர் இருக்க வேண்டுமே என்ற நினைப்பு உங்களுக்கு வரவே இல்லையா? வந்திருக்கும். ஷெட்டைத் திறக்கும்போது வருகிற சோர்வில் பாதி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெற்றவர்களுக்குச் செய்வதைப் பற்றி எனக்குத் திட்டமான கருத்து உண்டு. அவர்கள் கண் முன்னால், அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு செய்கிற அரைகுறை வேலைகூட அவர்களுக்குப் போய்ச் சேரும். அவர்களை வெளியே நிறுத்திவிட்டுச் செய்கிற அருமையான வேலை நமக்குப் பெருமை தரும், அவ்வளவுதான். வயதானவரை மகிழ்விக்கிறேன் என்று சொல்லி அவருடைய பொருளிலிருந்தே அவரை விலக்கிவைப்பதை என்னால் அன்பு என்று ஒத்துக்கொள்ள முடியவில்லை. அவர் உள்ளே வந்தால் அது தப்பு, இது தப்பு என்று அதிகாரம் செய்வாரே என்று பயமா? செய்யட்டும். அவர் வண்டி.

கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்புகிற கார்புரேட்டரை ஒரு தட்டில் வைத்து அவர் முன்னால் கொண்டுபோய் வையுங்கள். பெட்ரோலோடு விட்டுவைத்திருந்தால் உள்ளே கோந்து மாதிரி பழுப்பாகப் படிந்திருக்கும். பெட்ரோல் போகிற சின்னத் துளையுள்ள ஜெட்டைக் கழற்றி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தியது போல் ஒரு வெளிச்சப் புள்ளி வட்டமாகத் தெரிந்தால் துளை சுத்தம். தெரியவில்லை என்றால் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடிக்க வேண்டும். இரும்புக் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். துளை துளியூண்டு பெரிதானாலும் பெட்ரோல் கூடுதலாகப் போகும், பிளக் கரி பிடிக்கும். உள்ளே பெட்ரோல் மட்டத்தைப் பார்த்துக்கொள்கிற மிதவையை அப்பா கையில் கொடுங்கள். அவர் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கட்டும். உள்ளே சளசளவென்று சத்தம் கேட்டால் அது ஓட்டை. பித்தளை மிதவை என்றால் சுடுதண்ணீரில் அமிழ்த்தினால் குமிழி வருகிற இடம்தான் ஓட்டை. இதற்கெல்லாம் நடுங்காத கை தேவையில்லை. பழகிய காதும் கண்ணும் போதும். ஒரு சாயங்காலத்தில் ஒரு கார்புரேட்டர் முடிந்துவிடும். ஆறு வருடத்தில் உங்கள் ஷெட்டில் முழுசாக முடிந்த முதல் பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டு மாதத்தில் மொத்தத்தையும் பிரித்தீர்களே, அதிலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பிரிப்பது ருசியான வேலை. ஒவ்வொரு போல்ட்டும் கையோடு வரும்போது ஏதோ சாதித்த மாதிரி இருக்கும். கோர்க்கும்போதுதான் இந்த வாஷர் எங்கே போனது, இந்த நீளப் போல்ட் எந்தத் துளைக்கு என்று தலை சுற்றும். ஆறு வருடத்தில் உங்களுக்கு அதில் பாதி மறந்திருக்கும். அவருக்கு மறந்திருக்காது. எல்லாவற்றையும் ஒரு பழைய துணியில் கொட்டிப் பரப்புங்கள். அவர் பெயர் சொல்லச் சொல்ல நீங்கள் சின்னச் சின்னப் பைகளில் போட்டு எழுதி ஒட்டுங்கள்.

அப்புறம் ஃபிரேம். பிரைமர் மட்டும் அடித்து விட்டால் அது ஈரத்தை உறிஞ்சும், அடியில் துரு கிளம்பியிருக்கும். மறுபடி தேய்க்க வேண்டியதுதான், வேறு வழியில்லை. ஆனால் பெயிண்டுக்கு அவசரப்படாதீர்கள். முதலில் இரண்டு சக்கரத்தையும் மாட்டி வண்டியைத் தன் காலில் நிற்க வையுங்கள். மட்கார்டு, டேங்க், சைலன்சர் எல்லாவற்றையும் ஒரு முறை பொருத்திப் பாருங்கள். துளை சேராத இடம், வளைந்த பிராக்கெட் எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். பெயிண்ட் அடித்த பிறகு தெரிந்தால் அடித்ததைச் சுரண்ட வேண்டிவரும். சிலிண்டர் திறந்து கிடந்தால் இன்றைக்கே உள்சுவரில் எஞ்சின் ஆயில் தடவுங்கள். போன மரைக்கு லேத் பட்டறையில் விசாரியுங்கள். வெல்டு வைத்துக் கடைந்து புது மரை வெட்ட முடியுமா என்பதைத் தண்டைப் பார்த்துச் சொல்வார்கள்.

சக்கரத்தில் நிற்கும் வண்டியில் அவர் உட்கார்ந்து பார்க்கலாம். எஞ்சின் இல்லாவிட்டால் என்ன? ஹாண்டில்பாரைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கட்டும். அந்த முகத்தைப் பார்த்த பிறகும் ஆர்வம் வரவில்லை என்று நீங்கள் எழுதினால் அந்தக் கடிதத்துக்கு என்னிடம் பதில் கிடையாது.

எஞ்சின் கட்டும் நாளிலும் அவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பிளக்கில் பொறி வரவைக்கிற பாயிண்டின் இடைவெளியை, ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய அளவுத் தகட்டை வைத்து நீங்கள் சரிபார்க்கலாம். பழைய வண்டிகள் பலவற்றில் அது 0.35 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் இருக்கும். கிக்கரை எந்த இடத்தில் நிறுத்தி உதைத்தால் இந்த வண்டி கிளம்பும் என்பது எந்தக் கேஜிலும் வராது. கிளம்பியதும் வருகிற சத்தம் பழைய சத்தம்தானா என்று சொல்லத் தெரிந்தவரும் உங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான்.

வெட்டியெடுத்த அந்த நட்டை நீங்கள் தூக்கி எறிந்திருக்க மாட்டீர்கள், எங்காவது ஒரு டப்பாவில் கிடக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு, நட்டை எடுத்துக்கொண்டு போய் அப்பா கையில் கொடுங்கள். இது எந்தப் பக்கம் கழலும் என்று கேளுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வாருங்கள்.