எல்எஸ் அடித்தால் திரை உறைகிறது, ரீபூட் பண்ணலாமா?

கேள்வி: எங்கள் அலுவலக லினக்ஸ் சர்வரில் ரூட் டைரக்டரிக்கு (எல்லா டைரக்டரிகளுக்கும் மேலே உள்ள /) போய் எல்எஸ் (ஃபைல் பட்டியல் காட்டும் கட்டளை) அடித்தால் ஒன்றுமே வராமல் நின்றுவிடுகிறது. கண்ட்ரோல்-சி அடித்தும் பிராம்ப்ட் திரும்பவில்லை. ஹோம் டைரக்டரியில் நன்றாக ஓடுகிறது. ரீபூட் செய்துவிடலாமா?

பதில்: பொறுங்கள். இந்த நிலையில் ரீபூட்டே பாதியில் தொங்கக்கூடும்.

முதலில் வேறொரு டெர்மினலைத் திறந்து, அதே இடத்தில் எக்கோ போட்டு, இடைவெளி விட்டு, ஒரு * அடியுங்கள். பெயர்கள் மளமளவென்று வந்தால் டைரக்டரியை வாசிப்பதில் கோளாறில்லை. எக்கோவுக்குப் பெயர் மட்டும் போதும். எல்எஸ் அப்படியல்ல. பல லினக்ஸ்களில் அது கலர் போடும் அலியாஸோடுதான் (கட்டளைக்கு வைத்த மாற்றுப் பெயர்) வருகிறது. எதற்கு என்ன நிறம் என்று தெரிந்துகொள்ள ஒவ்வொன்றையும் ஸ்டாட் செய்து, அதாவது அதன் விவரத்தைக் கேட்டு, விசாரிக்கும். அந்த வரிசையில் ஒருவர் வாய் திறக்காவிட்டால் அங்கேயே உட்கார்ந்துவிடும். /பின்/எல்எஸ் என்று முழுப் பாதையோடு அடித்தால் அலியாஸ் ஒதுங்கி, பட்டியல் வந்துவிடும்.

வாய் திறக்காதவர் பெரும்பாலும் என்எஃப்எஸ் மவுண்ட், அதாவது நெட்வொர்க் வழியாக வேறொரு சர்வரிலிருந்து இங்கே இணைத்த டைரக்டரி. எது என்று பிடிக்க, எஸ்ட்ரேஸ் (ஒரு புரோகிராம் கெர்னலிடம், அதாவது லினக்ஸின் மையப் பகுதியிடம், கேட்பதையெல்லாம் வரிவரியாகக் காட்டும் கருவி) போட்டு, -எல் சேர்த்துப் புதிதாக ஒரு எல்எஸ் ஓட்டுங்கள். கடைசி வரி முடியாமல் பாதியில் நிற்கும். அதில் /பேக்கப் என்று இருந்தால் அதுதான் ஆள். டிஎஃப் (டிஸ்க் இடத்தைக் காட்டும் கட்டளை) அடிக்காதீர்கள், அதுவும் சேர்ந்து தொங்கும். /ப்ராக்/மவுண்ட்ஸ் ஃபைலை கேட் செய்து பார்த்தால் எந்த சர்வரிலிருந்து வந்த மவுண்ட் என்று தெரியும்.

கண்ட்ரோல்-சி ஏன் எடுபடவில்லை? பிஎஸ்ஸில் (ஓடும் புரோகிராம்களின் பட்டியல்) அந்த எல்எஸ்ஸின் நிலை 'டி' என்று இருக்கும். கெர்னலுக்குள் பதிலுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். 2008இல் வந்த 2.6.25 கெர்னலிலிருந்து கில் -9க்கு (புரோகிராமைக் கட்டாயமாக நிறுத்தும் கட்டளை) இப்படிப்பட்ட காத்திருப்புகள் மசியும். என்எஃப்எஸ் மவுண்ட் வழக்கமாக 'ஹார்ட்' வகை, எதிர்முனை வரும்வரை சளைக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். எரிச்சலாகி, கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் பிழை சொல்லி விட்டுவிடும் 'சாஃப்ட்'டுக்கு மாற்றுபவர்கள் உண்டு. எழுதும் டைரக்டரிக்கு நான் சம்மதிக்க மாட்டேன்: நடுவில் பிழை வந்து, அந்த புரோகிராமும் அதைக் கவனிக்காவிட்டால் டேட்டா போயே போயிற்று.

ஆகவே எதிர்முனை சர்வரில் என்எஃப்எஸ்ஸுக்கான 2049 போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அது எழுந்துவிட்டால் தொங்கும் எல்எஸ் எதுவும் நடக்காததுபோல் வேலையை முடிக்கும். எழாது என்று உறுதியானால் மவுண்டை வலுக்கட்டாயமாகக் கழற்றும் யுமவுண்ட் -எஃப், அதற்கும் மசியாவிட்டால் யுமவுண்ட் -எல். பிறகு எஃப்எஸ்டேபிலும் (பூட் ஆகும்போது எதையெல்லாம் மவுண்ட் செய்வது என்று எழுதியிருக்கும் ஃபைல்) அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

பெயர்ப் பட்டியல் உடனே வந்து, -எல் போட்டால் மட்டும் தாமதமானால் கதை வேறு: எல்டாப் சர்வர் (பயனர் விவரங்களை வைத்திருக்கும் சர்வர்) பயனர் பெயரைச் சொல்லத் தாமதிக்கலாம். -என் போட்டு எண்ணாகவே கேளுங்கள். லட்சக்கணக்கில் ஃபைல் குவிந்த டைரக்டரி என்றால் -எஃப், வரிசைப்படுத்தாமல் கொட்டும்.

அடுத்த முறை மவுண்டை ரூட்டிலேயே வைக்காமல் /என்எஃப்எஸ்/பேக்கப் என்று ஒரு படி கீழே வையுங்கள். ரூட்டில் எல்எஸ் அடிப்பவர் அதைத் தொடவே மாட்டார்.