திரும்பி வருகிறவர்கள் என்ன கொடுத்துவிட்டு வருகிறார்கள்? – டாக்டர் ஹூ கேள்வி பதில்

1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கிய தொடர் ‘டாக்டர் ஹூ’. நீல நிற போலீஸ் பெட்டி வடிவில் இருக்கும் டார்டிஸ் என்ற கால இயந்திரத்தில் ஏறிக் காலத்திலும் வெளியிலும் அலைகிற, ‘டாக்டர்’ என்றே அழைக்கப்படும் ஒரு வேற்றுக்கோள்வாசியின் கதை. அதில் யார் செத்தாலும் என்றாவது திரும்பி வந்துவிடுவார்கள். ‘இதை எப்படி நம்புவது?’ என்ற சண்டையும் கூடவே வரும். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

நான் இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். கதாநாயகன் சாகிற நேரத்தில் வேறு நடிகராக மாறிவிடுகிறார். இது நம் கூடுவிட்டுக் கூடு பாய்தலா, இல்லை வெறும் சமாளிப்பா?

தொடக்கத்தில் சமாளிப்புதான். முதல் டாக்டரான வில்லியம் ஹார்ட்னெலுக்கு உடல்நலம் குன்றியது; தொடரோ நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. 1966 அக்டோபர் 29 அன்று அவர் தரையில் விழுந்தார், பாட்ரிக் ட்ரௌட்டன் எழுந்தார். அந்த அத்தியாயத்தின் பிரதி இன்று இல்லை. முகம் மாறும் துண்டு மட்டும் பிபிசியின் வேறொரு நிகழ்ச்சியில் காட்டப்பட்டதால் பிழைத்தது. இந்த மாற்றத்துக்கு ‘ரீஜெனரேஷன்’ (மறுவுரு எடுத்தல்) என்ற பெயரே 1974இல்தான் வந்தது.

கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்றால் இன்னொருவர் உடலுக்குள் புகுவது. டாக்டர் அதைச் செய்வதில்லை. தன் கூட்டையே புதுப்பித்துக்கொள்கிறார். அந்த வித்தையை உண்மையாகவே செய்தவர் அவருடைய எதிரி மாஸ்டர். 1981இல் ட்ரெமாஸ் என்ற நல்ல மனிதரின் உடலைப் பறித்துக்கொண்டார். ட்ரெமாஸ் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கிப் பாருங்கள், மாஸ்டர் வரும். எழுத்தாளர்களின் குறும்பு.

பன்னிரண்டு முறைதான் மாற முடியும் என்று சொல்லிவிட்டு, பிறகு விதியையே மாற்றிவிட்டார்களே. இது ஏமாற்று இல்லையா, ஐயா?

அந்த விதி 1976இல், ஒரே ஒரு கதையின் தேவைக்காகப் பிறந்தது. மாஸ்டராக நடித்த ரோஜர் டெல்காடோ 1973இல் துருக்கியில் கார் விபத்தில் இறந்துபோனார். அவருக்குப் பிறகு மாஸ்டரைக் கொண்டுவர, உயிர்கள் எல்லாம் தீர்ந்து அழுகிய நிலையில் இருப்பவராகக் காட்டினார்கள். தீர்வதென்றால் ஓர் எண்ணிக்கை வேண்டும். பன்னிரண்டு என்று வைத்தார்கள். டாக்டருக்கும் அந்த நாள் வரும் என்று அன்று யாரும் கவலைப்படவில்லை.

2013இல் வந்தே விட்டது. கணக்கு சரியாகவே இருந்தது: எண்ணில் சேராத போர்க்கால டாக்டர் ஒருவர், 2008இல் முகம் மாறாமலே செலவான ஒரு முறை, இரண்டையும் சேர்த்தால் பன்னிரண்டும் தீர்ந்திருந்தன. அந்தக் கிறிஸ்துமஸ் கதையில் அவருடைய இனத்தார் புதிதாக ஒரு சுற்றையே அருளினார்கள். நான் இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். இப்படி ஒரு சுற்றைத் தருவதாக 1983லேயே மாஸ்டரிடம் பேசியிருக்கிறார்கள், ஆகவே வழி ஏற்கெனவே திறந்திருந்தது. அதைவிட முக்கியம், ஒரு சிற்றூரைக் காக்க அவர் பல நூறு ஆண்டுகள் அங்கேயே நின்று, கைத்தடி ஊன்றிக் கிழவரான பிறகுதான் அது கிடைத்தது. விலை கொடுத்து வாங்கிய உயிர்.

அப்படியானால் மாஸ்டர் செத்துச் செத்துப் பிழைப்பதையும் ஒப்புக்கொள்வீர்களா?

இல்லை. 1984இல் தீயில் எரிந்தார். 1985இல் ஒரு வயல்வெளியில் சோளக்கொல்லைப் பொம்மை வேடத்தில் நின்றார். எப்படித் தப்பினார் என்று யாரும் விளக்கவில்லை. அதைக்கூட வில்லனின் இயல்பு என்று சிரித்துக்கொண்டே விட்டுவிடுவேன். என்னால் மன்னிக்க முடியாதது 2020. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் மாஸ்டரின் பெண் வடிவமான மிஸ்ஸி, முதல்முறையாக டாக்டரின் பக்கம் நிற்கத் துணிந்தாள். அவளுடைய முந்தைய வடிவமே அவளை முதுகில் சுட்டது, இனி மறுவுருவே எடுக்க முடியாதபடி. அறுபது ஆண்டுத் தொடரில் அதைவிடப் பொருத்தமான முடிவு எந்த வில்லனுக்கும் எழுதப்படவில்லை. அடுத்து வந்த மாஸ்டர், அப்படி ஒன்று நடந்ததற்கான சுவடே இல்லாமல் வந்து நின்றார். மிஸ்ஸியின் மனமாற்றம் கணக்கிலேயே சேரவில்லை.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். நிலவு ஒரு முட்டை என்ற அத்தியாயத்தை என் மாணவர்களிடம் எப்படி நியாயப்படுத்துவது?

நியாயப்படுத்தாதீர்கள் டீச்சர். கரும்பலகையில் கணக்காகப் போடுங்கள், அருமையான பாடம்.

2014 அக்டோபரில் வந்த கதை அது. நிலவுக்குள் ஒரு பெரிய குஞ்சு வளர்கிறது. அதன் எடை 130 கோடி டன். அதனால் நிலவின் ஈர்ப்பு கூடிப் பூமியில் கடல் கொந்தளிக்கிறது. ஆனால் நிலவின் நிறை சுமார் 7.35 லட்சம் கோடி கோடி டன். 130 கோடி டன் என்பது அதில் ஏறக்குறைய 5,600 கோடியில் ஒரு பங்கு. அறுபது கிலோ மனிதர்மேல் ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தூசு ஒட்டிக்கொண்டது போல. அவர் அதை உணரவே மாட்டார், கடலும் உணராது. அத்தியாயத்திலோ நிலவில் பூமியைப் போலவே நடக்கிறார்கள். அளவு மாறாமல் அந்த ஈர்ப்பு வர வேண்டுமானால் நிறை ஆறு மடங்காக வேண்டும்.

இன்னொன்று, கோழி வளர்க்கிற எந்தப் பாட்டியும் பிடித்துவிடுகிற பிழை. முட்டைக்குள் குஞ்சு வளர்வதால் முட்டை கனக்காது. கருவும் ஓடும் வெண்கருவும் எல்லாம் ஏற்கெனவே உள்ளே இருப்பவைதானே. அடைகாக்கும் 21 நாளில் ஈரம் வெளியேறி எடை குறையவே செய்யும். கடைசியில் அந்தக் குஞ்சு பிறந்த சில நிமிடங்களில் பழைய நிலவின் அளவிலேயே இன்னொரு முட்டையை இட்டுவிட்டுப் பறக்கிறது! ‘முட்டையிடும் கோழிக்குத்தான் வருத்தம் தெரியும்’ என்பார்கள். இந்தக் குஞ்சுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அறிவியல் பிழையைவிட எனக்கு உறுத்துவது இந்தப் புது முட்டைதான். நிலவை அழிப்பதா, ஓர் உயிரை வாழவிடுவதா என்று முக்கால் மணிநேரம் நம்மைத் தவிக்கவிட்டார்கள். அந்த முடிவுக்கு விலையே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள்.

அப்படியானால் கருந்துளைக்கு அருகே மாட்டிய கப்பல் கதை மட்டும் சரியா? அதிலும் அளவுக்கு மீறித்தானே போனார்கள்?

போனார்கள், ஆனால் திசை சரி. ஈர்ப்பு மிகுந்த இடத்தில் காலம் மெதுவாக ஓடும். உயரே பறக்கும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள்கூட, அவற்றின் வேகத்தால் வரும் குறைவைக் கழித்த பிறகும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோ வினாடி முந்துகின்றன. 2017இல் வந்த இந்தக் கதையில் கப்பலின் நீளம் 400 மைல். கருந்துளைப் பக்கம் இருக்கும் முனையில் சில நிமிடங்கள் கழிவதற்குள், மறுமுனையில் டாக்டரின் மாணவி பில் பத்து ஆண்டுகள் காத்திருக்கிறாள். 400 மைலுக்குள் இவ்வளவு வேறுபாடு வர வேண்டுமானால், கருந்துளையின் விளிம்பையே உரசிக்கொண்டு கப்பல் நிற்க வேண்டும். அப்படி நிற்கத் தேவைப்படும் விசையில் உள்ளிருப்பவர்கள் அப்பளமாகியிருப்பார்கள்.

இருந்தும் நான் நம்பினேன். விதியைத் தொடக்கத்திலேயே சொன்னார்கள், கடைசிவரை மீறவில்லை. டாக்டர் மேல்தளத்தில் பேசி வீணாக்கிய ஒவ்வொரு நொடிக்கும் கீழே அந்த மாணவி விலை கொடுத்தாள். அவர் போய்ச் சேர்ந்தபோது அவள் சைபர்மேன் என்ற உணர்ச்சியற்ற இயந்திர மனிதனாக மாற்றப்பட்டிருந்தாள்.

டாக்டரின் ராணுவ நண்பர் பிரிகேடியர் எந்த ஆண்டில் பணியாற்றினார் என்று என் அண்ணனும் நானும் பேச்சுவார்த்தை முறியும் அளவுக்குச் சண்டை போட்டுவிட்டோம்.

அண்ணனோடு ராசியாகிவிடுங்கள். 1975இல் வந்த கதையில் டாக்டரின் பயணத் தோழி சாரா ஜேன், தான் 1980இலிருந்து வந்தவள் என்கிறாள். அப்படியானால் பிரிகேடியரின் யுனிட் படை இயங்கியதும் அந்தக் காலத்தில். 1983இல் வந்த கதையிலோ அவர் 1976லேயே ஓய்வுபெற்று, ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருக்கிறார். வாத்தியார் வேலை ஏன்? அந்தக் கதையில் வர வேண்டியவர் முதலில் பிரிகேடியரே இல்லை. தொடரின் பழைய பள்ளி ஆசிரியர் இயன். அவர் அமையாததால் சீருடைக்காரர் சாக்குக்கட்டி பிடித்தார். 2008இல் டாக்டரே, எழுபதுகளா எண்பதுகளா என்று குழம்புவதாக ஒரு வசனம் வைத்துக் கைகழுவிவிட்டார்கள்.

டோனா திரும்பி வந்தது?

பாதி ஏற்கிறேன். டாக்டரின் தோழியான அவள் தலைக்குள் அவருடைய அறிவு முழுதும் ஏறிவிட்டதால், 2008இல், நினைவு திரும்பினால் அவள் எரிந்து சாவாள் என்று சொல்லிப் பிரித்தார்கள். 2023இல், அந்தச் சுமையில் பங்கு மகளுக்குப் போயிருந்தது என்றார்கள். நல்ல யோசனை. மிச்சத்தைத் தாயும் மகளும் சும்மா விட்டுவிட்டார்கள் என்றதும், பதினைந்து ஆண்டுகளாக நாம் சுமந்த துக்கம் காற்றில் போனது.

உங்களுக்குப் பிடித்த திரும்பிவரவு எது, அண்ணா?

முன்பெல்லாம் சாரா ஜேன் என்பேன், தம்பி. 1976இல் இறக்கிவிடப்பட்டவள், 2006இல் வந்து, ஏன் என்னைத் தேடி வரவில்லை என்று கேட்டாள். இப்போது இயன். 1965இல் போனவர், 57 ஆண்டுகள் கழித்து 2022இல், டாக்டரோடு பயணம் செய்தவர்களின் கூட்டத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்போது பெண் உருவில் இருந்த டாக்டரை ‘அவள்’ என்று யாரோ சொன்னதும் வியந்து பார்த்தார், அவ்வளவுதான். எந்த விளக்கமும் தேவைப்படவில்லை, ஏனெனில் இயன் சாகவில்லை, வயதுதான் ஆகியிருந்தது. இயனாக நடித்த வில்லியம் ரஸ்ஸலுக்கு அப்போது 97. 2024இல் காலமானார்.

எல்லாரும் வருகிறார்கள். ஏட்ரிக் மட்டும் ஏன் வரவில்லை?

நிழலாக, கனவுத் தோற்றமாக ஓரிரு முறை வந்தான், உயிரோடு வரவில்லை. டாக்டரோடு பயணம் செய்தவன்; 1982இல், பூமியை நோக்கி விழும் சரக்குக் கப்பலைத் திருப்பக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த சிறுவன். கடைசி விடை சரியா தவறா என்று தெரியாமலே மோதிச் செத்தான். கால இயந்திரம் இருக்கிறதே, திரும்பிப் போய்க் காப்பாற்றலாமே என்று தோழிகள் கெஞ்சியபோது டாக்டர் மறுத்துவிட்டார். அன்றிரவு பெயர்ப்பட்டியல் இசையில்லாமல் ஓடியது. திரையில், கணக்கில் கெட்டிக்காரன் என்பதற்காக அவன் வாங்கிய பதக்கம் உடைந்து கிடந்தது.