பொகோட்டாவில் வீடு பார்க்கும் தம்பிக்கு

வாடகை விளம்பரம் எல்லாவற்றிலும் 'எஸ்த்ராத்தோ 3', 'எஸ்த்ராத்தோ 4' என்று போட்டிருக்கிறதே, அது என்ன, எதை எடுக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள், தம்பி. வாடகையைப் பார்ப்பதற்கு முன்பே புரிந்துகொள்ள வேண்டியது அதுதான்.

எஸ்த்ராத்தோ என்றால் அடுக்கு. கொலம்பியாவில் குடியிருப்புகளை 1 முதல் 6 வரை அப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வீட்டையும் அது இருக்கும் தெருவையும் பார்த்துத் தருகிற எண் அது. உங்கள் சம்பளத்தைப் பார்ப்பதில்லை. 1994-ஆம் ஆண்டின் 142-ஆம் சட்டப்படி 1, 2, 3-இல் இருப்பவர்களுக்குத் தண்ணீர், மின்சாரத்தில் மானியம் உண்டு. 4-க்கு அசல் விலை. 5, 6-இல் இருப்பவர்கள் கூடுதலாகக் கட்டுவது அந்த மானியத்துக்குப் போகிறது. நான் 3-இலிருந்து 5-க்கு மாறியதும் பில் ஏறியது. அதில் எனக்கு வருத்தமில்லை.

வருத்தம் வேறு இடத்தில். வீட்டுக்குக் கொடுத்த எண் ஆள்மேல் ஒட்டிக்கொள்கிறது. நம்மூரில் எந்தத் தெரு என்று கேட்பதுபோல இங்கே "எந்த எஸ்த்ராத்தோ?" என்று கேட்பார்கள், பதிலை வைத்து எடைபோட்டும் விடுவார்கள். 5, 6 பெரும்பாலும் வடக்கே. தெற்கே சியுதாத் பொலிவார் மலைச்சரிவு முழுக்க 1, 2தான்.

2024 ஏப்ரலில் தண்ணீர்ப் பங்கீடு வந்தபோது இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தேன். நகரத்துத் தண்ணீரில் ஏறக்குறைய 70 சதவீதம் சிங்காசா மலையிலிருந்து வருகிறது. பாராமோ என்கிற அந்தக் குளிர்ந்த மேட்டுநிலத்தில் ஃப்ரைலெஹோன் செடிகள் மூடுபனியைப் பிடித்து நீராக்கித் தருகின்றன. மழை பொய்த்து அணை வற்றியதும் நகரை ஒன்பது பகுதிகளாக்கி, முறைவைத்து 24 மணி நேரம் குழாயை நிறுத்தினார்கள். ஒரு வருடம் ஓடியது. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் எங்கள் குடியிருப்பில் பெரிய தொட்டி இருந்ததால் எங்களுக்குத் தெரியவே இல்லை. தெற்கிலிருந்து வரும் என் சக ஊழியர் வீட்டில் தொட்டி கிடையாது. முந்தின இரவே வாளி, பானை, சமையல் பாத்திரம் வரைக்கும் பிடித்து வைப்பார்கள். மலைநீர் குறைந்தால் முதலில் தவிப்பது அந்த வீடுதான்.

சரி, உங்கள் விஷயம். தனி ஆளுக்கு 3 அல்லது 4 போதும், பேருந்து நிலையத்துக்குப் பக்கமாகப் பாருங்கள். தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம், பாட்டிலைக் கழுவி, காகிதத்தோடு வெள்ளைப் பையில் தனியாக வையுங்கள். குப்பை வண்டிக்கு முன்னால் வந்து அதைச் சேகரிக்கும் ரெசிக்லதோர்கள் நீதிமன்றம் வரை போராடித்தான் அந்த வேலைக்குக் கூலி வாங்கினார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கடைசித் தண்ணீர் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். விளம்பரத்தில் என்ன போட்டிருந்தாலும் சரியான எண் அதில்தான் இருக்கும்.