முன் ஃபோர்க்கை மாற்றுவதா, உள்ளே இருப்பதைச் சரிசெய்வதா?

கேள்வி: 2019-இல் வாங்கிய ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 வைத்திருக்கிறேன். 34,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. என் எடை 92 கிலோ. மாதம் ஒருமுறை கோவையிலிருந்து வால்பாறை போய் வருவேன். வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்தால் முன்பக்கம் குப்பென்று குனிகிறது. ஆனால் சின்னப் பள்ளத்தில் இறங்கினால் தோள்பட்டை வரை அதிர்கிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேடிஎம் டியூக் 390-இன் யூஎஸ்டி ஃபோர்க்கை, அதாவது தலைகீழாக அமைந்த முன் ஷாக்கைப் போட்டுத் தருகிறேன், எல்லாம் சேர்த்து 55,000 ரூபாய் என்கிறார்கள். இன்னொரு மெக்கானிக், கெட்டி ஆயில் ஊற்றினாலே போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது சார்?

பதில்: இப்போதைக்கு இருவர் பேச்சையும் கேட்க வேண்டாம். இந்த 34,000 கிலோமீட்டரில் ஃபோர்க் ஆயிலை ஒருமுறையாவது மாற்றியிருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. என்ஜின் ஆயிலை நாள் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட முன் ஷாக்குக்குள் ஆயில் இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். அடியில் இறக்கிப் பார்த்தால் சாம்பல் நிறத்தில், தேய்ந்த உலோகத் தூளோடு, மீன் கழுவிய தண்ணீர் மாதிரி வரும். 20,000 கிலோமீட்டர் அல்லது இரண்டு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுவது என் வழக்கம்.

ஆயிலை மாற்றும்போதே சீல், புஷ், கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோலச் சிக்கினால் கோன் செட் போய்விட்டது. அதை மாற்றாமல் எத்தனை ஆயிரத்துக்கு ஃபோர்க் வாங்கினாலும் வளைவில் வண்டி தடுமாறத்தான் செய்யும். டயர் காற்றையும் பாருங்கள். ‘ஷாக் இறுக்கமாக இருக்கிறது’ என்று என்னிடம் வந்தவர்களில் சிலருக்கு நான் செய்த ஒரே வைத்தியம், கூடுதலாக இருந்த காற்றை இறக்கிவிட்டதுதான்.

இதெல்லாம் முடிந்த பிறகும் குறை அப்படியே இருந்தால், அடுத்ததற்குப் போவோம்.

குனிவதும் குத்துவதும் ஒரே வண்டியில் எப்படி? மெத்தென்றிருந்தால் குத்தக் கூடாது, கடினமாக இருந்தால் குனியக் கூடாது என்றுதான் தோன்றும். உங்கள் வண்டியில் இருப்பது 41 மி.மீ. குழாயும் 110 மி.மீ. ஓட்டமும் (ஷாக் அமுங்கக்கூடிய மொத்த தூரம்) கொண்ட சாதாரண டெலஸ்கோப்பிக் ஃபோர்க். அதிர்வை ஆயிலால் தணிக்கும் இந்த வகையை பிஎம்டபிள்யூ 1935-இல் தன் ஆர்12 வண்டியில் போட்டது. இன்றும் அடிப்படை அதேதான். உள்ளே ஒரு கம்பி, அதில் சில ஓட்டைகள். ஷாக் அமுங்கும்போது ஆயில் அந்த ஓட்டை வழியாகப் பிதுங்கிப் போக வேண்டும்.

ஓட்டையின் அளவு மாறாது. அங்கேதான் சிக்கல். ஷாக் அமுங்கும் வேகம் இரண்டு மடங்கானால் ஆயில் தரும் எதிர்ப்பு கிட்டத்தட்ட நான்கு மடங்காகிறது. பிரேக் பிடிக்கும்போது ஷாக் ஓரளவு மெதுவாகத்தான் அமுங்குகிறது. ஆயில் சிரமமில்லாமல் வழிவிடும், முன்பக்கம் குனிந்துவிடும். கூர்மையான பள்ளத்தில் சக்கரம் கண்ணிமைக்கும் நேரத்தில் மேலே வருகிறது. அத்தனை ஆயிலும் அந்தச் சின்ன ஓட்டையில் ஒரேயடியாகப் போக முடியாமல் அடைத்துக்கொள்ளும். அந்த அடிதான் உங்கள் தோளுக்கு வருகிறது.

கெட்டி ஆயில் யோசனை ஏன் அரைகுறை என்பது இப்போது புரிந்திருக்கும். குனியும் வேகம் கொஞ்சம் குறையும், பள்ளத்தில் குத்து இன்னும் கூடும். அதுவும் சிலர் கெட்டி ஆயில் என்ற பெயரில் மிச்சமிருக்கும் 20டபிள்யூ-40 என்ஜின் ஆயிலை ஊற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். ஃபோர்க் ஆயிலிலும் ஒரு கம்பெனியின் 10டபிள்யூ இன்னொரு கம்பெனியின் 10டபிள்யூவுக்குச் சமமாக இருப்பதில்லை. டப்பாவின் முகப்பை விட்டுவிட்டு, 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையின் அளவு) என்று விவரப் பட்டியலில் பாருங்கள்.

எவ்வளவு வேகமாகக் குனிகிறது என்பது ஆயிலின் கையில். எவ்வளவு ஆழம் குனிகிறது என்பது ஸ்பிரிங்கின் கையில். 92 கிலோ ஆள் ஓட்டும் வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்பிரிங்கைத்தான்.

அதை வீட்டிலேயே அளக்கலாம். ரப்பர் உறை இருந்தால் தூக்கிவிடுங்கள். முன்சக்கரம் தொங்கும்போது குழாய் எவ்வளவு நீளம் வெளியே தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் போட்டுக்கொண்டு வண்டியில் உட்காருங்கள், பின்னால் நண்பர் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். இப்போது எவ்வளவு தெரிகிறது? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது உங்கள் வண்டிக்கு 35 மி.மீ. பக்கம் இருந்தால் சரி. முன்பக்கத்தை ஒருமுறை அமுக்கிவிட்டும் ஒருமுறை தூக்கிவிட்டும் அளந்து சராசரி எடுங்கள், சீல் பிடிப்பால் வரும் பிழை போய்விடும். 45, 50 என்று வந்தால் ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் போதவில்லை.

மூடிக்கு அடியில் வாஷரோ பழைய நாணயமோ வைத்து இறுக்கித் தருகிறேன் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அதில் முன்பக்கம் கொஞ்சம் உயரும், அவ்வளவுதான். ஸ்பிரிங் கடினமாகாது.

ஸ்பிரிங் வாங்கும்போது ‘ஹெவி டியூட்டி’ என்ற வார்த்தைக்குக் காசு கொடுக்காதீர்கள். ஒரு மி.மீ. அமுங்க எத்தனை நியூட்டன் விசை வேண்டும் என்ற எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம். தொடக்கத்தில் மென்மையாகவும் போகப் போகக் கடினமாகவும் ஆகும் புரோகிரசிவ் வகை நம் சாலைக்கு ஒத்துவரும் என்று பலர் விரும்புகிறார்கள். எனக்கு ஒரே சீரான லீனியர் வகைதான் பிடிக்கும். வால்பாறைப் பாதையின் 40 கொண்டை ஊசியிலும் பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் எவ்வளவு இறங்கும் என்பது கைக்குப் பழகிவிடும்.

ஸ்பிரிங் மாற்றியும் பள்ளத்தில் குத்தினால், மாறாத அந்த ஓட்டைக்கு மருந்து எமுலேட்டர் வால்வு. அமெரிக்காவின் ரேஸ் டெக், தாய்லாந்தின் ஒய்எஸ்எஸ் இரண்டும் செய்கின்றன. கம்பியின் தலையில் உட்காரும் சின்ன வால்வு இது. மெதுவான அமுக்கத்தில் மூடியிருக்கும், திடீர் அடியில் தன் ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு திறந்து ஆயிலுக்கு வழிவிடும். குனிவதும் குறையும், குத்துவதும் குறையும். சில வகைகளுக்குக் கம்பியில் கூடுதல் ஓட்டை போட வேண்டியிருக்கும். போட்டால் போட்டதுதான். பழைய கம்பிகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, புதிய ஜோடியில் போடச் சொல்லுங்கள்.

சரி, அந்த 55,000 ரூபாய் ஃபோர்க்? அது நல்ல சாமான்தான், 43 மி.மீ. குழாய், டபிள்யூபி என்ற சஸ்பென்ஷன் கம்பெனியின் தயாரிப்பு. ஆனால் 17 அங்குலச் சக்கரம் கொண்ட, உங்களுடையதைவிட மிக லேசான வண்டிக்காகச் செய்தது. உங்களுடையது 18 அங்குலச் சக்கரம், 200 கிலோவைத் தாண்டிய எடை. ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் டீ, ஆக்சில், டிஸ்க், காலிப்பர், ஏபிஎஸ் சென்சார் என்று ஒன்றைத் தொட்டால் அடுத்தது வரும். ஃபோர்க்கின் நீளம் மாறினால் ஹேண்டில் திரும்பும் குணமே மாறும். ஸ்பிரிங்கும் உங்கள் எடைக்கு இருக்காது, அதை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். இந்த விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் விபத்து வண்டியிலிருந்து கழற்றியதாகத்தான் இருக்கும். எந்தப் பாகம் முதலில் மோதியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் இன்சூரன்ஸ் பணம் கேட்கும்போது தகராறு வரலாம், கம்பெனியிடம் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, ஆயில், கோன் செட், அளவெடுப்பு, ஸ்பிரிங் என்ற வரிசையில் போங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒருமுறை வால்பாறை போய் வாருங்கள். இரண்டு மூன்றை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

கேள்வி: தூத்துக்குடி. அப்பாவின் பழைய ஸ்பிளெண்டரில் வலதுபக்க முன் ஷாக்கில் ஆயில் கசிகிறது. ஒரே வருடத்தில் மூன்று முறை சீல் மாற்றிவிட்டோம். டூப்ளிகேட் சீல் போட்டு ஏமாற்றுகிறார்களா?

பதில்: இருக்கலாம். ஆனால் மெக்கானிக்கைத் திட்டுவதற்கு முன் குழாயைத் தொட்டுப் பாருங்கள். சீல் உரசும் பகுதியில் விரல் நகத்தை மேலும் கீழும் ஓட்டுங்கள். எங்காவது தட்டினால் அது துருப்புள்ளி. உங்கள் ஊர் உப்புக் காற்றில் குரோம் பூச்சு விட்டு, உளுந்தளவு புள்ளி விழுந்தாலும் போதும், ஒவ்வொரு முறை அமுங்கும்போதும் அது சீலின் உதட்டை அறுக்கும். கம்பெனி சீல் போட்டாலும் கதை இதுதான். ஹைட்ராலிக் சிலிண்டர் வேலை செய்யும் பட்டறைகளில் திரும்ப ஹார்ட் குரோம் ஏற்றுவார்கள். விலை உயர்ந்த வண்டிக்கு அது சரி. ஸ்பிளெண்டருக்குப் புதுக் குழாயே வாங்கிவிடுங்கள். சீலை மட்டும் இரண்டு பக்கமும் மாற்றுங்கள், ஆயிலையும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஊற்றச் சொல்லுங்கள்.

குழாயைக் கழற்றியதும் கண்ணாடி மேஜையில் உருட்டிப் பாருங்கள். அடியில் வெளிச்சம் ஓரிடத்தில் தெரிந்து மறைந்தால் வளைந்திருக்கிறது. அடித்து நேராக்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் வண்டியில் முன்பக்கம் டிஸ்க் பிரேக் இருந்து, கசிந்த ஆயில் பேடில் பட்டிருந்தால், துடைத்துவிட்டு ஓட்டாமல் பேடையும் மாற்றுங்கள்.