ஆற்றுக்கு அக்கரையில் வீடு பிடித்தால் வரி மிச்சமா?

கேள்வி: அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்து நகரில் எனக்கு 1,00,000 டாலர் சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கிறது. என் மனைவி டெக்சாஸ் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். அவருக்கு 80,000 டாலர். கொலம்பியா ஆற்றைத் தாண்டினால் வாஷிங்டன் மாநிலம், அங்கே சம்பளத்துக்கு வருமான வரியே இல்லை, வான்கூவரில் வாடகைக்கு வீடு பிடி என்கிறார்கள் நண்பர்கள். ஆனால் அங்கே விற்பனை வரி உண்டாமே?

பதில்: கனடாவின் வான்கூவரோடு குழப்பிக்கொள்ளாதவரை நண்பர்கள் சொல்வது பாதி சரி. உங்கள் சம்பளத்தைப் பொறுத்தவரை அது உதவாது. ஓரிகனில் உட்கார்ந்து செய்த வேலைக்கு, நீங்கள் எங்கே தூங்கினாலும் ஓரிகன் வரி கேட்கும். உங்கள் பங்குக்கு ஆண்டுக்கு 7,000 டாலருக்கு மேல் போய்விடும்.

மிச்சம் பிடிக்கப்போவது உங்கள் மனைவி! போர்ட்லாந்தில் குடியிருந்தால், நிறுவனம் டெக்சாஸில் இருந்தாலும் அவர் சம்பளத்துக்கும் ஓரிகன் வரி உண்டு. வான்கூவரில் இருந்தபடி வேலை செய்தால் கிடையாது. என் கணக்கில் ஆண்டுக்கு சுமார் 6,000 டாலர் கையில் நிற்கும்.

விற்பனை வரிக்கு வருவோம். ஓரிகனில் அது இல்லை. வான்கூவரில் ஏறக்குறைய 9 சதவீதம். கேட்கும்போது பயமாகத்தான் இருக்கும். ஆனால் அரிசி, பருப்பு, காய்கறிக்கு அது கிடையாது, வாடகைக்கும் கிடையாது. அந்த 6,000 டாலரும் விற்பனை வரியாகக் கரைய வேண்டுமானால், வரி விழும் பொருள்களுக்கு மட்டும் ஆண்டுக்கு 65,000 டாலருக்கு மேல் செலவழிக்க வேண்டும். அப்படிச் செலவழிக்கும் குடும்பம் என் ஆலோசனைக்குக் காத்திருக்காது.

போர்ட்லாந்தில் வரியில்லாமல் கார் வாங்கி ஓட்டி வந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாஷிங்டனில் பதிவு செய்யும்போது அதே விகிதத்தில் வசூலித்துவிடுவார்கள்.

வரியில் சேராத செலவு ஒன்று உண்டு: ஆற்றைக் கடக்க இருப்பவை இரண்டே நெடுஞ்சாலைப் பாலங்கள். வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒரு வேலைநாள் காலையில் அந்த வழியே ஓட்டிப் பாருங்கள். வாரத்தில் ஓரிரு நாள் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். வான்கூவர் வீட்டில் வேலை செய்த நாள்களின் சம்பளத்துக்குப் பொதுவாக ஓரிகன் வரி வராது. மேலாளர் பதவி என்றால் விதி வேறு. அந்த நாள்களைத் தேதிவாரியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், வரிக் கணக்குத் தாக்கலின்போது அதைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.