செவில் போகும்போது காதிஸையும் பார்க்கலாமா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மே மாதம் நானும் மனைவியும் 66 வயது அம்மாவும் ஸ்பெயின் போகிறோம். மாட்ரிட், கிரனாடா முடித்துவிட்டு செவில் நகரில் நான்கு இரவு தங்குகிறோம். அதில் ஒரு நாள் பக்கத்துக் கடலோர ஊரான காதிஸ் போய்வரலாமா? போய்வந்த நண்பர் ஒருவர், 'பழைய கட்டடமும் கடலும்தான், மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும்' என்கிறார். அம்மா சைவம்."

தாராளமாகப் போகலாம். ஆனால் ஒரு பகலை ஒதுக்காமல் ஓர் இரவை ஒதுக்குங்கள். நான்கு இரவில் ஒன்றைச் செவில் கணக்கிலிருந்து எடுத்து காதிஸுக்குக் கொடுத்தால் போதும்.

உங்கள் நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனை மாதிரி, செவில் பேராலயம் மாதிரி பார்த்ததும் மலைக்க வைக்கும் கட்டடம் காதிஸில் கிடையாது. கையில் இருப்பது ஒரே ஒரு பகல்தான், கோர்தோபா நகரின் பழைய மசூதியை இன்னும் பார்த்ததில்லை என்றால், யோசிக்காமல் கோர்தோபாவுக்கே போய்விடுங்கள். காதிஸில் பார்க்க வேண்டியது அந்த ஊரேதான்.

வரைபடத்தில் பாருங்கள். அட்லாண்டிக்குக்குள் நீட்டிய விரல் மாதிரி ஒரு நிலம், அதன் நுனியில் பழைய நகரம். எந்தச் சந்தில் நடந்தாலும் சில நிமிடங்களில் கடல் வந்துவிடும். இன்றைய லெபனான் கரையிலிருந்து கடலோடி வந்த பினீசிய வணிகர்கள் காதிர் என்ற பெயரில் இந்த ஊரை அமைத்து ஏறக்குறைய 3,000 ஆண்டுகள் ஆகின்றன. அன்று முதல் இன்றுவரை மக்கள் குடியிருக்கும் இடம் இது. அதனால் எங்கே தோண்டினாலும் ஏதாவது கிடைக்கிறது. 1980இல் வீடுகளுக்கு அடியிலிருந்து ஒரு ரோமானிய அரங்கம் வெளிப்பட்டது. அதே ஆண்டு பெண் உருவம் செதுக்கிய பளிங்குச் சவப்பெட்டி ஒன்றும் கிடைத்தது. அதற்கு ஜோடி போன்ற ஆண் உருவப் பெட்டி 1887இலேயே கிடைத்திருந்தது. இரண்டும் இப்போது காதிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த முகங்களின் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். இதற்காக மட்டுமே நான் அந்த ஊருக்கு இன்னொரு முறை போவேன். திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

1717இல், அமெரிக்கக் கண்டத்திலிருந்த தன் குடியேற்றங்களோடு ஸ்பெயின் நடத்திய வணிகத்தைக் கட்டுப்படுத்திய அலுவலகம் செவில் நகரிலிருந்து இங்கே மாறியது. பணம் கொட்டியது. வணிகர்கள் தங்கள் கப்பல் திரும்புவதைப் பார்ப்பதற்காகவே மொட்டைமாடிமேல் கோபுரம் எழுப்பினார்கள். அவற்றில் நூற்றுக்கும் மேல் இன்றும் நிற்கின்றன. உயரமான தவீரா கோபுரத்தில் ஓர் இருட்டறை உண்டு. மேலே உள்ள கண்ணாடியும் வில்லையும் ஊரின் உருவத்தை உள்ளே இருக்கும் வெள்ளைத் திரையில் விழவைக்கின்றன. மாடிக் கொடியில் துணி ஆடுவதும் கடற்காகம் பறப்பதும் அந்தத் திரையில் அப்படியே அசையும். படிகள் நிறைய. அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் கீழே ஒரு காபிக்கடையில் உட்காரட்டும். மற்றபடி ஊர் சமதரைதான், மெதுவாக நடந்தால் சிரமம் இருக்காது.

கடலோரக் கோட்டைச் சுவரை ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள். கல்லுக்குள் சிப்பி ஓடுகள் பதிந்திருப்பது விரலில் தட்டுப்படும். கடலுக்கடியில் உருவான கல்லை வெட்டித்தான் இந்த ஊரையே கட்டியிருக்கிறார்கள். பேராலயம் 1722இல் தொடங்கி 1838இல்தான் முடிந்தது. உப்புக்காற்று அதன் கல்லை அரிக்கிறது. உதிரும் துண்டுகள் தலையில் விழாமலிருக்க உள்ளே கூரைக்குக் கீழே வலை கட்டியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் தெரியும்.

ஓர் இரவு தங்கச் சொல்வது லா கலேத்தாவுக்காக. இரண்டு கோட்டைகளுக்கு நடுவில் மேற்கு பார்த்த சின்னக் கடற்கரை அது. மே மாதம் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிடும். அன்றே செவில் திரும்புபவர்கள் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் அதை விட்டுவிடுகிறார்கள். உங்கள் நண்பரும் அப்படித்தான் திரும்பியிருப்பார் என்று நினைக்கிறேன். நீர் வற்றும் நேரத்தில் சின்னப் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கும். உள்ளூர்ப் பெரியவர்கள் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள். அம்மாவுக்கு அந்த ஒரு மணி நேரம் மிகவும் பிடிக்கும்.

சாப்பாடு விஷயத்துக்கு வருவோம். அசைவம் சாப்பிடுபவருக்கு இது சொர்க்கம். நம் சென்னாக்கூனி போன்ற பொடி இறாலை, கோதுமை மாவும் கொண்டைக்கடலை மாவும் கரைத்த கலவையில் போட்டு, மொறுமொறுவென்று மெல்லிய அடையாகப் பொரிப்பார்கள். சீரகமும் வினிகரும் சேர்த்து ஊறவைத்துப் பொரித்த சுறாவும் அருமை. அம்மாவுக்குத்தான் கொஞ்சம் திட்டமிட வேண்டும். உருளைக்கிழங்கை ஆலிவ் எண்ணெய், வினிகர், வெங்காயம் சேர்த்துப் பிசறித் தருவார்கள். மேலே சூரை மீனோ முட்டையோ வைப்பதுண்டு, வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெறுமனே 'கறி வேண்டாம்' என்றால் மீன் வந்துவிடும், மீனையும் தனியாகச் சொல்லவேண்டும். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு, இரவுச் சாப்பாடு எட்டரைக்கு மேல். நடுவில் பல சமையலறைகள் மூடியிருக்கும், அதனால் பையில் பழமும் ரொட்டியும் வைத்திருங்கள். மத்தியச் சந்தை ஞாயிறு விடுமுறை, திங்களன்று மீன்கடைகள் பெரும்பாலும் திறக்காது. ஆகவே செவ்வாய் முதல் வெள்ளிக்குள் போவதே நல்லது.

ஒரு எச்சரிக்கை. 'லெவாந்தே' என்ற கிழக்குக் காற்று கிளம்பிவிட்டால் கடற்கரையில் மணல் முகத்தில் அறையும். சில சமயம் நாள்கணக்கில் வீசும். போவதற்கு இரண்டு நாள் முன்னால் வானிலை பாருங்கள். பலமான கிழக்குக் காற்று என்று வந்தால் நாளை மாற்றுங்கள். அதற்கு வசதியாக, ரத்து செய்யக்கூடிய அறையாகப் பதிவு செய்யுங்கள். துறைமுகத்துக்குப் பெரிய சுற்றுலாக் கப்பல் வரும் நாளில் பகலெல்லாம் சந்துகள் நெரியும். மாலையில் கப்பல் கிளம்பியதும் ஊர் பழையபடி அமைதியாகிவிடும்.

செவில் சாந்தா ஹுஸ்தா (Santa Justa) நிலையத்திலிருந்து நேரடி ரயில் உண்டு, ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். காதிஸ் நிலையம் பழைய நகரின் வாசலிலேயே இருக்கிறது, டாக்சி தேவையில்லை. பெரிய பெட்டிகளைச் செவில் விடுதியில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஆளுக்கொரு கைப்பையோடு காலை ரயிலில் ஏறுங்கள். அறையை லா கலேத்தா பக்கமாக எடுங்கள், அஸ்தமனம் பார்த்துவிட்டு அம்மா நடந்தே திரும்பிவிடலாம்.