அனிமே முகப்புப் பாடல்கள்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: அனிமே எனப்படும் ஜப்பானிய அசைபடத் தொடரின் முகப்புப் பாடலுக்கு இசையமைத்தவர்தான் பின்னணி இசையையும் அமைக்கிறாரா?

பதில்: பெரும்பாலும் இல்லை. பாடலும் பின்னணியும் ஒருவர் பொறுப்பிலேயே இருப்பதைத் தமிழ்த் திரைப்படங்களில் கேட்டுப் பழகிய நமக்கு இது குழப்பமாகத்தான் இருக்கும். 1995இல் வந்த ‘நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்’ தொடரின் பின்னணி இசை ஷிரோ சாகிசுவுடையது. யோகோ தகஹாஷி பாடிய அதன் முகப்புப் பாடலுக்கு மெட்டமைத்தவர் ஹிதெதோஷி சாத்தோ. வரிகள் நேகோ ஒய்கவாவுடையவை. ‘அட்டாக் ஆன் டைட்டன்’ முதல் பாடலைக் கேட்டுவிட்டு ஹிரோயுகி சவானோவைப் பாராட்டுவோர் பலர். அவர் அமைத்தது பின்னணி இசை, பாடல் ரெவோ என்ற இசையமைப்பாளருடையது.

கேள்வி: பாடல் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறதே, முழுப் பாடலை வெட்டி ஒட்டுகிறார்களா?

பதில்: ஒளிபரப்புக்கு ஏறத்தாழ 90 வினாடிதான் கிடைக்கும், இசைத்தட்டில் வருவது நான்கு நிமிட வடிவம். ஆனால் அந்த ஒன்றரை நிமிடத்துக்குள் நிறைவு கிட்டும்படியே மெட்டு கட்டப்படுகிறது. ஜப்பானியர் பாடலின் பகுதிகளை ‘ஏ மெலடி’, ‘பி மெலடி’, ‘சபி’ என்று பிரிப்பார்கள் (தமிழில் அச்சொல் தரும் பொருளைப் பொறுத்தருள்க). நம் பாட்டில் பல்லவி முதலில் வந்து நிற்கும். அங்கே பல்லவிக்கு நிகரான சபி, இரண்டு பகுதிகள் மெல்ல ஏற்றிவிட்ட எதிர்பார்ப்பின் உச்சியில்தான் வெடிக்கும். எவாஞ்சலியன் பாடல் இதில் ஒரு தந்திரம் செய்கிறது: தாளக் கருவிகள் அடங்கியிருக்க, சபியின் மெட்டைத் தொடக்கத்திலேயே ஒருமுறை பாடிக் காட்டிவிட்டு, பிறகே தாளத்தை உள்ளே விடுகிறது. அதனால் ஒரு நிமிடம் கழித்து அதே மெட்டு முழு வேகத்தில் திரும்பும்போது, முதன்முறை கேட்பவருக்குக்கூட அது ஏற்கெனவே தெரிந்த பாட்டாகிவிடுகிறது.

கேள்வி: ‘கவ்பாய் பீபாப்’ முகப்பில் பாட்டே இல்லையே, அதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

பதில்: பித்தளைக் கருவிகளின் முழக்கம் ஓய்ந்ததும் பேஸ் என்ற கனத்த தந்திக் கருவியும் பொங்கோ என்ற சிறு கைமுரசும் மட்டும் நடக்க, ஓர் ஆண்குரல் சில வார்த்தைகள் பேசிவிட்டு ஒதுங்குகிறது, அதன்பின் முழுக் குழுவும் பாய்கிறது. 1998இல் இத்தொடருக்காக யோகோ கன்னோ ‘சீட்பெல்ட்ஸ்’ என்ற குழுவைத் திரட்டி, ஜாஸும் புளூஸும் கலந்து அமைத்த இசை அது. இயக்குநர் ஷினிசிரோ வதனபே கோராத மெட்டுகளையும் கன்னோ அனுப்பிவைப்பாராம். அவற்றைக் கேட்டு வதனபே புதிய காட்சிகளை அமைத்ததும் உண்டு. முகப்பும் பின்னணியும் ஒரே கையிலிருந்து வந்ததால், கதைக்குள் ஒலிக்கும் இசை முகப்பின் தொடர்ச்சியாகவே இருக்கிறது. என் கணிப்பில் இதற்கு இணையான தொடர் மிகக் குறைவு.

கேள்வி: பழைய பாடல்களில் எதைக் கேட்டுத் தொடங்கலாம்?

பதில்: 1974ஆம் ஆண்டின் ‘விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ’. ஹிரோஷி மியாகவாவின் மெட்டு, இசாவோ சசாகியின் கம்பீரக் குரல். ஜப்பானியப் பள்ளிகளின் பேஸ்பால் ஆட்டங்களில் மாணவர் வாத்தியக் குழுக்கள் இன்றும் வாசிக்கும் அணிவகுப்பு இசை அது.